ரமணியும் கழல மறுத்த டிஸ்க்கும்

பிறப்புப் பத்திரம் இல்லாமலே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தாள் ரமணி. அடையாளக் கார்டு இல்லாமலே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ நுழைந்து, அந்தச் சமையல்கட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற ஆளாக உயர்ந்தாள். முப்பத்து மூன்றாம் வயதில் குடிமக்களுக்கான நீலக் கார்டு வாங்கினாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் சோதனையில் இரண்டு தடவை பின்னால் உருண்டு, மூன்றாம் தடவை லைசன் எடுத்தாள். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த ஒரு மைவி காரைத் தன் காசில் வாங்கினாள். ஆள் ஏற்றி ஓட்டுவதற்கான தனி லைசனையும் எடுத்தாள். இத்தனையையும் ஜெயித்தவளை 2025 பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை, ஓர் இரும்புத் தட்டு காலையிலிருந்து சாயந்திரம் வரை வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் வந்த வெள்ளத்தில் அந்த மைவி கதவு வரை தண்ணீரில் நின்றது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ரமணி வாங்கினாள். இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தாள். தரைவிரிப்பைத் துணி சோப்புப் போட்டு, தண்ணீர் தெளிகிற வரை அலசினாள். சேற்று வாடை போக ஒரு வருஷம் பிடித்தது. வண்டி ஓடியது. ஆனால் சக்கரங்களுக்குள்ளே போன சேறு அங்கேயே தங்கி, யாருக்கும் தெரியாமல் துருவை வளர்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரிக் கடைசியில் அவள் சாப்பாட்டுக் கடை வேலையை விட்டாள். இனிமேல் சொந்த வண்டியில் ஆள் ஏற்றிப் பிழைப்பது என்று முடிவு. அதற்கு எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. வண்டி பரிசோதனை மையத்தில் தேற வேண்டும். முதல் தடவை ஷா ஆலத்துக்குக் கொண்டுபோனபோது முன் பிரேக் இரண்டும் தேறவில்லை. டிஸ்க் தேய்ந்து வரி விழுந்திருக்கிறது, மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். மறு சோதனைக்குத் திங்கட்கிழமை காலை. அதைத் தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பதிந்து காத்திருக்க வேண்டும். வேலையை விட்டவள் எத்தனை நாள் காத்திருப்பாள்?

"ஒண்ணக் கையில வாங்கிட்டு இன்னொண்ண விடணும். நீ விட்டுட்டு வாங்கப் போறே," என்று அண்ணி மலர்விழி சொல்லியிருந்தாள். அண்ணி சொன்னது பலித்துவிடக் கூடாது என்பதே அந்தத் திங்கட்கிழமையை ரமணிக்கு இன்னும் பெரிதாக்கியது.

புது டிஸ்க் இரண்டையும் பிரேக் பேடுகளையும் அவள் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். மாட்டித் தருவதாகச் சொன்ன வொர்க்‌ஷாப் தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனப் பெருநாளுக்குக் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு சித்தியவான் போய்விட்டார். ஒன்பதாம் நாள் சாமி கும்பிட்டு, பட்டாசு வெடித்த பிறகுதான் திறப்பாராம். கிள்ளானில் பாதிக் கடைகள் அப்படித்தான் கிடந்தன. ஷட்டரில் சிவப்புத் தாள் ஒட்டி, வாசலில் ஆரஞ்சு மரம் வைத்து, உள்ளே ஓர் ஆள் கிடையாது.

சரி, நாமே கழற்றிவிடுவோம் என்று முடிவு செய்தாள். ஒரு மலாய்க்காரப் பையன் இதே மைவிக்கு டிஸ்க் மாற்றும் வீடியோவைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினான், டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் கெலிப்பரைக் கழற்றினான், டிஸ்க்கைத் தட்டு எடுப்பதுபோல எடுத்து ஓரமாக வைத்தான். அவனுடைய வண்டி வெள்ளத்தில் நின்றிருக்காது.

கிள்ளானில், பண்டமாரானில், அண்ணன் கமலநாதன் வீட்டில்தான் அவள் இருக்கிறாள். கமலநாதன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர். எதையும் இடம் மாற்றி வைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு அவர் தைப்பூச விரதத்தில் இருந்தார். காலில் செருப்பு இல்லை, கழுத்தில் துளசி மாலை, முகத்தில் நாலு நாள் தாடி. விரதத்தில் இருப்பவரை ஊரே 'சாமி' என்று கூப்பிடும். சாமி கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. டிஸ்க் கழற்றுவதற்கு இதைவிட மோசமான ஒரு நிலைமை இருக்க முடியாது.

காலையில் ரமணி வண்டியை ஜேக் போட்டுத் தூக்கி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். கமலநாதன் பழைய பேப்பரை விரித்தார். அவள் கழற்றிக் கொடுத்த ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே வைத்தார். வைத்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார்.

"அண்ணே, நாலு நட்டும் ஒரே மாதிரிதான். எது எங்க போனா என்ன?"

"வந்த எடத்துக்கே போனா அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

கெலிப்பர் கழன்றது. அதைப் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தாள். அதைத் தாங்கும் கொண்டியும் கழன்றது. இனி டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஒரு பக்கமாக ஆட்டினாள். வண்டிதான் ஜேக்கின் மேல் ஆடியது. துரு எண்ணெயை அடித்துக் காத்திருந்தாள். ரப்பர் சுத்தியலால் தட்டினாள். கோயில் மணிபோலச் சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

அப்போதுதான் டிஸ்க்கின் முகத்தில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டைகள் இருப்பதைக் கண்டாள். இரண்டிலும் சேறு இறுகிக் கிடந்தது. கோணி ஊசியால் குத்திப் பார்த்தாள். உள்ளே மரை தெரிந்தது. அந்த மலாய்ப் பையன் ஓரிடத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. டிஸ்க் வராவிட்டால் இந்த ஓட்டைகளில் எட்டு மில்லி போல்ட்டு இரண்டைப் போட்டு முடுக்கு, போல்ட்டு பின்னாலிருக்கும் சக்கரக் குடத்தை, ஹப்பை, உதைத்து டிஸ்க்கைத் தானாக வெளியே தள்ளும் என்றான்.

"அண்ணே, எட்டு மில்லி போல்ட்டு ரெண்டு வேணும். கொஞ்சம் நீளமா."

கமலநாதன் தன் தகர டப்பாக்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் மேலும் அளவு எழுதி ஒட்டியிருந்தது. ஆறு இருந்தது. பத்து இருந்தது. பன்னிரண்டு இருந்தது. எட்டு என்று எழுதிய டப்பாவில் இரண்டு வாஷர் மட்டும் கிடந்தன. அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டெல்லாம் எங்க போச்சு?"

"இருந்துச்சு," என்றார். டப்பாவை மூடினார்.

ஹாட்வேர் கடையிலும் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வரிசையில் எந்த வீட்டில் இரும்புச் சத்தம் கேட்டாலும் அவர் அங்கே இருப்பார்.

"என்னம்மா இது, செல்லம் கொஞ்சிக்கிட்டு இருக்கே. ரப்பர்ல தட்டுனா அது தூங்கிரும். குடு இப்டி."

சுத்தியலை வாங்க அவர் கேட்கவில்லை. அவள் கையிலிருந்து எடுத்தார். தன் வீட்டிலிருந்து பெரிய இரும்புச் சுத்தியலையும் கொண்டுவந்தார்.

"அங்கிள், அதுல ரெண்டு ஓட்டை இருக்கு. போல்ட்டு போட்டா..."

"ஓட்டை எல்லாத்துலயும்தான் இருக்கு. நவுறு லா."

அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் வாசலில் நின்ற துளசித் தொட்டி அதிர்ந்தது. டிஸ்க் அசையாதபோது திருச்செல்வம் அதன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். உடனே கமலநாதன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க சாமி. வாயில வந்துருச்சு."

"பரவால்ல அங்கிள்," என்றார் கமலநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கெலிப்பர் மேல மட்டும் பட்டுறாம பாத்துக்குங்க."

மதிய வியாபாரம் முடிந்ததும் மூலைக் கடை தாவூத் வந்தான். ரொட்டிச்சானாய் போடுகிறவன். அவன் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி வந்த அன்றைக்கு ரமணியின் சாம்பாரைத்தான் ஆஸ்பத்திரிக்கு வாங்கிக்கொண்டு போனானாம். அந்த மரியாதையில் அவளுக்கு எதற்கும் உதவிக்கு வந்து நிற்பான். வேண்டாம் என்றாலும் நிற்பான்.

"அக்கா, எங்க கல்லுல ரொட்டி ஒட்டிக்கிட்டா நாங்க சொரண்ட மாட்டோம். சூடு காட்டுவோம். தானா எழும்பி வரும்."

"இது ரொட்டி இல்ல தாவூத்."

"எல்லாம் ஒண்ணுதான்க்கா."

கடையிலிருந்து கேஸ் டார்ச்சைக் கொண்டுவந்து டிஸ்க்கின் நடுவில் நெருப்பைக் காட்டினான். கமலநாதன் ஓர் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு, ரப்பர் ஹோஸ் பக்கம் நெருப்புப் போனால் போர்த்துவதற்குத் தயாராக நின்றார். துரு எண்ணெய் புகைந்தது. வீட்டுக்குள்ளே கறி கருகியதுபோல வாடை போனது. விரத வீடு. மலர்விழி வாசலுக்கு வந்தாள்.

"யாரு வீட்டுல என்ன பொசுக்குறீங்க?"

"டிஸ்க்தான் ஆன்டி. வெஜிடேரியன்தான்," என்றான் தாவூத்.

மலர்விழி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூடு ஆறியது. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. தாவூத் டார்ச்சைத் தட்டிப் பார்த்தான். திருச்செல்வம், சூட்டோடு சூடாக அடித்திருக்க வேண்டும், நேரத்தை விட்டுட்டே என்று அவனைத் திட்டினார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்னாலிருந்து அடிப்பதா, பக்கத்திலிருந்து அடிப்பதா என்று வாதாடினார்கள். தாவூத் சுத்தியலை வாங்கினான். திருச்செல்வம் திரும்ப வாங்கினார். சுத்தியல் எல்லார் கைக்கும் போனது, வண்டிக்காரி கையைத் தவிர.

ரமணி கழற்றிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். இது அவளுக்குப் புதிதில்லை. அவள் கதை முழுக்க இப்படித்தான். பிறந்தது தோட்டத்து லயத்தில், மழை நாளில், வீட்டிலேயே. அண்ணன் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருக்குப் பத்திரம் தானாக வந்தது. இவளுக்கு அப்பா இருளப்பன் போய்ப் பதிய வேண்டியிருந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். அப்பாவுடைய அப்புறம் வருவதற்குள் அப்பாவே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் நல்ல மனதோடுதான் உதவிக்கு வந்தார்கள். ஒருவர் அவள் பேப்பர்களை வாங்கிக்கொண்டு போய் ஆறு மாதம் வைத்திருந்தார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த ஆளிடம் பேசுவதாகச் சொல்லி, நீ வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் ஒரு நாள் அவளே காலையில் கிளம்பி, வரிசையில் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது. யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. கையிலிருப்பதை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "எட்டு மில்லி எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

கமலநாதன் வீட்டுக்குள்ளே பார்த்தார். சன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. நடுக்கூடத்தில் காவடி நின்றது. மயிலிறகும் வெள்ளிக் காகிதப் பூவும் கட்டி, பத்துமலைக்குப் போகத் தயாராக இருந்தது. கீழே அலுமினியச் சட்டங்கள். சட்டமும் சட்டமும் சேரும் ஒவ்வொரு முனையிலும் பளபளவென்று ஒரு போல்ட்டு. எட்டு மில்லி. கொஞ்சம் நீளமாகவே.

"போன வாரம்தான் எல்லாத்தையும் புதுசு மாத்துனேன்," என்றார்.

"ரெண்டுதான் அண்ணே. ஒரு மணி நேரத்துக்கு."

"அண்ணிக்கிட்ட கேளு."

"உங்க காவடி."

"கட்டுனது நான். பூசை போட்டது அவ."

ரமணி கை கழுவிவிட்டுக் கதவைத் தட்டினாள். மலர்விழி பூசைக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் திரியைக் கீழே வைத்தாள்.

"சாமிக்குக் கட்டுனதுல கை வைக்கிறதா? அதுவும் கிரீஸ் கையோட? நாளைக்கி அவரு தோள்ல ஏத்தும்போது ஏதாச்சும் ஒண்ணு ஆனா?"

"தூக்குறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு அண்ணி. அதுக்குள்ள ஹாட்வேர் திறந்துடும். புதுசு வாங்கிப் போட்டுடலாம்."

"புதுசு வாங்கிக் கார்ல போடு. சாமிகிட்ட கடன் வாங்காதே."

"எங்க வாங்குறது அண்ணி? ஊரே மூடிக் கெடக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண? வேலைய விடுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?"

அதற்கு மேல் பேசினால் சண்டையாகும். விரத வீட்டில் சண்டை கூடாது. ரமணி திரும்பி வந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. டிஸ்க் மேலா, அண்ணி மேலா, சித்தியவானில் உட்கார்ந்து மாண்டரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் தவுக்கே மேலா, அவளுக்கே தெரியவில்லை.

திருச்செல்வம் இப்போது ஒரு புதுத் திட்டத்தோடு வந்திருந்தார். ஜேக்கின் கைப்பிடியை டிஸ்க்குக்குப் பின்னால் சொருகி, நெம்பிக்கொண்டே அடிப்பது.

"தாவூத், நீ நெம்பு. நான் அடிக்கிறேன்."

"அங்கிள், கை போயிரும்."

"போனா இன்னொண்ணு இருக்குல்ல. நெம்பு."

கமலநாதன் நடுவில் வந்தார். "வேணாம் அங்கிள். வண்டி ஜேக்ல நிக்கிது. சாய்ஞ்சிடும்."

"சாமி பயப்படாதீங்க. நான் கப்பலையே தூக்குனவன்."

உள்ளே மாலைப் பூசை ஆரம்பித்திருந்தது. மலர்விழி மணியை ஆட்டிக் கற்பூரத்தை ஏற்றினாள். அதே நேரத்தில் திருச்செல்வம் ஓங்கி அடித்தார். சுத்தியல் டிஸ்க்கில் படாமல் வழுக்கி அவர் கட்டைவிரலில் பட்டது. அவர் சொன்னது அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். இந்த முறை டிஸ்க்கின் தாயோடு நிற்காமல் அதன் வம்சத்தையே இழுத்தார்.

மணிச் சத்தம் நின்றது.

தாவூத் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, போகலாமா நிற்கலாமா என்று பார்த்தான். திருச்செல்வம் விரலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கமலநாதன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அது மந்திரமா வேறேதுமா என்று தெரியவில்லை. கூடத்தில் இரும்பு உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

மலர்விழி கையில் பித்தளைத் தட்டு. தட்டில் கொஞ்சம் விபூதி. விபூதியின் மேல் இரண்டு போல்ட்டு.

"இந்தா," என்று ரமணியிடம் நீட்டினாள். "காலையில இருந்து டங்கு டங்குன்னு. இப்ப இதுவும் காதுல கேக்குது. இந்த லட்சணத்துல சாமி இந்த வீட்டுல எப்டி இருப்பாரு? கழட்டு. கழட்டிட்டு அந்த அங்கிளை வீட்டுக்கு அனுப்பு."

"அண்ணி..."

"உனக்கு ஐசி, அந்த நீலக் கார்டு, கெடைக்கணும்னு வேண்டித்தானே இவரு காவடி தூக்க ஆரம்பிச்சாரு. கெடைச்சப்புறமும் நிறுத்தல. உனக்காகத் தூக்குறது உனக்கு ரெண்டு போல்ட்டு குடுத்துட்டுப் போகட்டும். முடிஞ்சதும் மஞ்ச தண்ணியில கழுவிக் குடுக்கணும். மண்ணெண்ணெய் வாடை வரக் கூடாது."

ரமணி தட்டை வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"அங்கிள், கேட்டுக்கு வெளிய நில்லுங்க. தாவூத், நீயும். கோவிச்சிக்காதீங்க. இதை நான் பண்ணணும்."

திருச்செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலர்விழி இன்னும் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே போனார். தாவூத் பின்னாலேயே போனான். கமலநாதன் மட்டும் தட்டைப் பிடித்துக்கொள்ள அனுமதி பெற்றார்.

ரமணி கோணி ஊசியால் இரண்டு ஓட்டைகளையும் சுத்தமாகக் குடைந்தாள். எண்ணெய் விட்டாள். போல்ட்டைக் கையால் திருகினாள். முதலில் இரண்டும் சுலபமாக உள்ளே போய், ஹப்பில் முட்டி நின்றன. ஸ்பானர் போட்டாள். இடது போல்ட்டுக்கு அரைச் சுற்று. வலது போல்ட்டுக்கு அரைச் சுற்று. ஒன்றையே முடுக்கினால் டிஸ்க் கோணலாக இறுகிக்கொள்ளும், இரண்டும் சமமாகப் போக வேண்டும். மறுபடி இடது. மறுபடி வலது. ஸ்பானர் கனத்தது.

"முறிஞ்சிறப் போகுது," என்றார் கமலநாதன்.

"பேசாம இருங்க சாமி."

முதல் தடவையாக அவளும் அவரைச் சாமி என்று கூப்பிட்டாள். அதில் பக்தி எதுவும் இல்லை.

இடது போல்ட்டில் இன்னும் கொஞ்சம். அப்போது வண்டிக்குள்ளே எங்கோ எலும்பு சொடுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. போல்ட்டு உடைந்ததென்றே எல்லாரும் நினைத்தார்கள். ரமணி டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டாள். அசைந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வந்தது. உள்பக்கத்திலிருந்து செம்மண் மாதிரித் துரு அவள் மடியில் கொட்டியது. மூன்று வருஷத்துக்கு முந்திய வெள்ளத்துச் சேறு.

கேட்டுக்கு வெளியே யாரும் கைதட்டவில்லை. "நான் அடிச்சு லூஸாக்கி வச்சிருந்தேன்," என்று திருச்செல்வம் தாவூதிடம் சொன்னது மட்டும் கேட்டது.

அடுத்த பக்கம் அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு போல்ட்டு கடைசி அரைச் சுற்றில் வளைந்துவிட்டது. டிஸ்க்கும் வந்துவிட்டது. கமலநாதன் வளைந்த போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு அதை மஞ்சள் தண்ணீரில் கழுவித் தட்டில் வைத்து, காவடியில் அது இருந்த இடத்தை மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கடை திறந்த அன்றைக்கே நான்கு புதுப் போல்ட்டு வாங்கினார். இரண்டு போதுமே என்று யாரும் கேட்கவில்லை.

இனி இருந்ததெல்லாம் நிதானமான வேலை. ஹப்பின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுத்தம் செய்தாள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடைத்தாள். அந்த வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பேட் மாட்டி, கெலிப்பர் மாட்டி, சக்கரம் ஏற்றினாள். கமலநாதன் ஒவ்வொரு நட்டையும் அது வந்த இடத்துக்கே எடுத்துக் கொடுத்தார்.

"சாவியக் குடு, நான் ஒரு ரவுண்டு அடிச்சிப் பாக்குறேன்," என்றார் திருச்செல்வம் கேட்டுக்கு மேலாக.

"வேணாம் அங்கிள்."

ரமணி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்தாள். பெடல் தரை வரை போனது. வெளியே நின்றவர்கள் முகத்தில் ஓர் உற்சாகம் தெரிந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். பேடுகள் டிஸ்க்கை நெருங்க நெருங்கப் பெடல் மேலேறி, காலுக்குக் கீழே கல்லாக நின்றது. வண்டியை மெதுவாக எடுத்து, அந்த வரிசையின் கோடி வரை போய், நிறுத்தி, திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை ஷா ஆலத்தில் வண்டி உருளைகளின் மேல் ஏறியது. கமலநாதனை உள்ளே விடாததால் அவர் கேட்டில் நின்று ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டிருந்தார். ரமணி பிரேக்கை அழுத்தினாள். திரையில் எண்கள் ஓடின. அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, முன் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பாரு டிஸ்க்?" புது டிஸ்க்கா என்று மலாயில் கேட்டார்.

"பாரு, என்சிக்." புதுசுதான் ஐயா என்றாள்.

"லூலுஸ்," என்றார் அவர். தேறிவிட்டது. அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பேசியில் ஆள் ஏற்றும் வாடகை வண்டிக்கான ஆப்பைத் திறந்து, பரிசோதனைச் சான்றைப் படம் எடுத்து ஏற்றினாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அது ஒரு வெள்ளைப் பெட்டியைக் காட்டியது. ஒப்பந்தத்துக்கு விரலால் கையெழுத்துப் போடச் சொன்னது.

அந்தப் பெட்டி ஒரு பிஸ்கட் அகலம்கூட இல்லை. துரு இன்னும் நகக்கண்ணில் இருந்த ஆள்காட்டி விரலால் ரமணி எழுத ஆரம்பித்தாள். பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. சரியில்லை, மறுபடி முயலவும் என்றது பெட்டி. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் சரியில்லை என்றது.

"ஒரு கோடு இழுத்து விடேன். எல்லாரும் அப்டித்தான் போடுறாங்க," என்றார் கமலநாதன்.

"கோடு என் பேரு இல்ல அண்ணே."

கைப்பேசியைப் படுக்கைவசமாகத் திருப்பினாள். பெட்டி அகன்றது. எழுத்தைச் சின்னதாக்கி, ஒரு புள்ளியும் விடாமல், தமிழில், ரமணி இருளப்பன் என்று எழுதினாள். இந்த முறை அது ஏற்றுக்கொண்டது. சற்று நேரத்தில் ஷா ஆலத்திலிருந்து கிள்ளானுக்குப் போக யாரோ வண்டி கேட்டார்கள். கமலநாதன் இறங்கி, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவள் எங்கே போட்டாலும் அப்படித்தான் போடுகிறாள், முழுப் பெயரும், தமிழில். முப்பத்து மூன்று வயது வரை அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. முதன்முதலில் அவள் தன் பெயரைக் கையெழுத்தாக இட்டது நீலக் கார்டைக் கையில் வாங்கிய அன்று, 2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.